ஷாஃப்டைப் பிடித்தால் ஜீப் நிற்கும்

மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கு ஏறும் மண்பாதையில் ஒரு மீட்டர் பலகையை ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்தேன். மேல்முனை தரையைத் தொட்டது. கீழ்முனைக்கும் தரைக்கும் இடையே 20 செ.மீ. அதாவது 20 சதவீதச் சரிவு. முழுச் சுமையோடு ஒரு காரை ஹேண்ட்பிரேக் நிறுத்திவைக்க ஐ.நா. விதி 13-எச் கேட்கும் சரிவும் இதுதான். அதற்கு லீவரை சுமார் 40 கிலோ விசைக்கு மேல் இழுக்க வைக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

என் பழைய சிஜே3பி ஜீப் இதில் பாதிச் சரிவில்கூட நின்றதில்லை. கியரில் போட்டு, டயருக்கு அடியில் கருங்கல் வைத்துத்தான் இறங்குவேன். இந்தியாவில் பூட்டப்பட்ட வில்லீஸ் குடும்பத்து ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம். லீவரை இழுத்தால் ஷாஃப்டையே பிடிக்கும். 2016 வரை வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் இதே ஏற்பாடுதான்.

கணக்குப் போட்டால் இதன் அழகு தெரியும். இரண்டு பேரோடு சுமார் 1,100 கிலோ வரும் வண்டியை இந்தச் சரிவில் நிறுத்த, சக்கரங்களில் ஏறக்குறைய 78 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசை தேவை. பின் அச்சின் கிரவுன்-பினியன் விகிதம் 5.38 என்பதால் ஷாஃப்டில் 14.5 இருந்தால் போதும். சேறு குடிக்கும் சக்கர டிரம்மும் இல்லை, துருப்பிடிக்கும் நீளமான கேபிளும் இல்லை.

பிறகு ஏன் நிற்கவில்லை? கேம்ப் ரோடு பக்கத்து மெக்கானிக் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். லைனிங் முழுக்கக் கியர் ஆயில். “பிரேக் மேல தப்பு இல்ல சார். எண்ணெயக் குடிச்சுட்டு அது எப்படிப் பிடிக்கும்?” நான் வருடக்கணக்கில் கண்டுகொள்ளாத ஆயில் சீல் தேய்ந்து, கசிவெல்லாம் டிரம்முக்குள் போயிருந்தது.

டிரம்முக்குப் பதில் டிஸ்க் வைக்க அமெரிக்காவில் கிட் விற்கிறார்கள். நாங்கள் லேத்தில் ஒரு டிஸ்க்கைக் கடைந்து, கேபிளால் இயங்கும் மெக்கானிக்கல் காலிப்பரைத் தடித்த பிராக்கெட்டில் பூட்டினோம். அதிக நேரம் தின்றது டிஸ்க் அல்ல, பிராக்கெட்தான். அது ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் ஒரு பக்கத்துப் பேட் உரசிக்கொண்டே ஓடும். பிரேக் பைப்பில் அழுத்தத்தைப் பூட்டிவைக்கும் லைன்-லாக்கையும் யோசித்தேன். சீல் சற்றே கசிந்தாலும் இரவோடு இரவாக அழுத்தம் இறங்கிவிடும், வேண்டாமென்று விட்டேன்.

ஏரிக்கரைச் சரிவில் முகம் மேலே, முகம் கீழே என இரண்டு விதமாகவும் நிறுத்தினோம். லீவர் ஐந்தாவது பல்லுக்கு வந்ததும் நின்றது. கால் பிரேக்கை விட்டதும் ஷாஃப்ட், கியர் இடைவெளிகளால் ஒரு விரற்கடை சரிந்து ‘டக்’கென்று பிடித்தது, முதல் முறை நெஞ்சும் டக்கென்றது. டிஸ்க்கில் வாளியால் தண்ணீர் அடித்தும் பிடி தளரவில்லை. சேறு மட்டும் பேடை அரைக்கும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்த சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். சமதரையில் முன்சக்கரங்களுக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டை வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். ஹேண்ட்பிரேக் முழுதாக இழுத்திருந்தது. தோளால் லேசாகத் தள்ளியதும் தரையில் இருந்த சக்கரம் முன்னே உருண்டது, அந்தரத்தில் இருந்தது பின்னோக்கிச் சுழன்றது, வண்டி போய்க் கட்டையில் முட்டியது. ஷாஃப்ட் அசையவே இல்லை. டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்தது. டிரம் ஆனாலும் டிஸ்க் ஆனாலும் ஷாஃப்ட் பிரேக்குக்கு இந்தக் குணம் போகாது. முன் ஹப்புகளை லாக் செய்து ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் சேர்ந்து பிடிக்கும். பஞ்சர் மாற்றும்போது அதையும் முழுதாக நம்பக் கூடாது. ஓடும்போது இதை இழுப்பதும் ஆகாது. யு-ஜாயின்ட்டோ ஆக்ஸிலோ முறியலாம்.

டிஸ்க் கிட் வாங்கலாமா என்றால், முதலில் ஆயில் சீலையும் லைனிங்கையும் மாற்றிப் பாருங்கள் என்பேன். டிஸ்க் போட்டாலும் அந்த சீலை மாற்றாமல் விட முடியாது. கசிவு இங்கே பேடை நனைக்கும். சீலை மாற்றிவிட்டால் பழைய டிரம்மே ஓரளவு பிடித்திருக்கும் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. அடிக்கடி சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குபவருக்கு மட்டும் டிஸ்க். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவதில் கறாரானது; எஃப்.சி.க்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கருங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதன் இடத்தில், சீட்டுக்கு அடியில், இப்போது இரண்டு மரக்கட்டைகள்.