நல்ல பாம்பின் ஜீனோமும் வடநெம்மேலிப் பானைகளும்

2020 ஜனவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் நம்ம நல்ல பாம்பின் ஜீனோம், அதாவது முழு மரபணுத்தொகுதி, வெளியானது. குஷால் சூர்யமோகன் முதல் ஆசிரியர். குழுவை முன்னின்று நடத்தியவர் சோமசேகர் சேஷகிரி. அப்போது வந்த செய்திகளில் பல, குதிரையும் வேண்டாம் பாம்பும் வேண்டாம், விஷமுறிவு மருந்தை இனி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம் என்கிற தொனியில் இருந்தன. மரபணு நகலாக்கம் பற்றிய பேச்சு வந்தால் இன்சுலினுக்கு அடுத்த உதாரணமாக இதைச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அந்த உதாரணம் பொருந்தாது என்பது என் வாதம். ஆய்வுக் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் அதிலிருந்து மருந்துப் பாட்டிலுக்கு ஒரு நேர்கோடு போடுவது தப்பு, அந்தக் கோட்டைப் போடுவதற்குக் கட்டுரையே கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோய், இருளர்கள் பிழைப்புக்குத் தவித்தபோது ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978ல் தொடங்கியது. பிடித்து வந்த பாம்பை மண்பானையில் மூன்று வாரம் போல வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். உறையவைத்து உலர்த்திய அந்தத் தூள்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பகுதி மூலப்பொருள். பஞ்சாபிலோ ஒடிசாவிலோ ஒருவருக்கு ஏறுகிற மருந்துக்குள் இந்த வட்டாரத்துப் பாம்பு இருக்கிறது. 2023ல் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது ஒரு நாள் கொண்டாடினோம், அவ்வளவுதான்.

இப்போது கட்டுரைக்கு வருவோம். அவர்கள் சாதித்தது சின்ன விஷயமில்லை. 2013ல் ராஜநாகத்தின் ஜீனோம் வந்திருந்தது, ஆனால் அது துண்டு துண்டானது. இது கிட்டத்தட்ட குரோமோசோம் அளவுக்குச் சேர்த்துத் தைத்த வரைவு. நல்ல பாம்புக்கு 38 குரோமோசோம்கள். சுமார் 179 கோடி எழுத்துகளை வரிசைப்படுத்தி, அதில் புரதம் தரும் மரபணுக்கள் 23,248 என்று கணித்தார்கள்.

ஜீனோம் மட்டும் கையில் இருந்தால் போதாது. பாம்பின் கண்ணிலும் கல்லீரலிலும் விஷப்பையிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எந்த இடத்தில் எந்த மரபணு இயங்குகிறது என்பதுதான் வித்தியாசம். நம்ம தொழில் பாஷையில் சொன்னால், சோர்ஸ் கோடு மொத்தமும் கிடைத்துவிட்டது, ஆனால் எந்த ஃபங்ஷன் எந்த மெஷினில் ஓடுது என்று தெரிய லாக் பார்க்கணும். இங்கே லாக் என்பது தூது ஆர்.என்.ஏ. பல உறுப்புகளிலிருந்து அதை எடுத்து ஒப்பிட்டார்கள். விஷச்சுரப்பியில் இயங்குபவை 12,346 மரபணுக்கள். அவற்றில் நச்சுக் குடும்பங்களைச் சேர்ந்தவை 139, குடும்பங்கள் 33. அந்த 139லும் விஷச்சுரப்பிக்கே உரியவை என்று 19ஐத் தனியே எடுத்தார்கள். கட்டுரையின் உயிர்நாடி இந்த 19தான். இவையே விஷத்தின் குறைந்தபட்சச் சாரமாக இருக்கக்கூடும், இவற்றை நகலாக்கிச் செயற்கை விஷம் செய்தால் பாதுகாப்பான விஷமுறிவு மருந்துக்கு வழி பிறக்கும் என்கிறார்கள்.

மரபணு நகலாக்கம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிட்டால் சிக்கல் எங்கே என்று புரியும். 1973ல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் செய்து காட்டியது இது: பிளாஸ்மிட் என்கிற வட்டமான குட்டி டி.என்.ஏவை நொதியால் வெட்டி, வேறொரு டி.என்.ஏ துண்டை அதில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்புவது. பாக்டீரியா பெருகப் பெருக அந்தத் துண்டும் பெருகும். சரியான தொடக்கக் குறியும் சேர்த்துக் கொடுத்தால் புரதத்தையும் அது செய்து கொடுக்கும். பாம்பு மரபணுவை அப்படியே வைக்க முடியாது, ஏன்னா அதில் நடுநடுவே இன்ட்ரான் என்கிற வெட்டிப் போட வேண்டிய பகுதிகள் இருக்கும். பாக்டீரியாவுக்கு அதை வெட்டத் தெரியாது. அதனால் ஏற்கெனவே வெட்டி முடித்த தூது ஆர்.என்.ஏவிலிருந்து டி.என்.ஏவைத் திருப்பி எழுதி எடுத்துக்கொள்வார்கள். இப்போது அதுகூட வேண்டாம். எழுத்து வரிசையைக் கொடுத்தால் அந்த மரபணுவைச் செயற்கையாகவே செய்து அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன.

1978ல் ஜெனன்டெக் இதே வழியில் மனித இன்சுலினை ஈ.கோலையில் செய்தது. 1982ல் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதுவரை மாடு, பன்றியின் கணையம்தான் மூலம். கணையம் போய் பாக்டீரியா வந்தது மாதிரி, குதிரை போய் பாக்டீரியா வரும் என்பதுதான் ஒப்புமை. சேஷகிரியும் ஜெனன்டெக்கில் வேலை பார்த்தவர் என்பதால் கதை இன்னும் அழகாகப் பொருந்துகிற மாதிரி தெரியும்.

பொருந்தாது. இன்சுலின் விஷயத்தில் நகலாக்கி எடுத்த புரதம்தான் மருந்து. பாம்பு விஷயத்தில் நகலாக்கி எடுத்த புரதம் விஷம். 19 மரபணுவையும் அச்சு பிசகாமல் நகலாக்கிவிட்டாலும் உங்கள் கையில் இருப்பது ஒரு குப்பி விஷம்தான். மருந்து என்பது அதைப் பிடித்துக் கட்டுகிற ஆன்டிபாடி. அது எங்கிருந்து வரும்? குதிரைக்கு ஏற்றினால் வரும். 1890களில் ஆல்பர்ட் கால்மெட் தொடங்கி வைத்த அதே முறை. ஆக, மரபணு நகலாக்கத்தால் முதலில் காணாமல் போவது குதிரை இல்லை. பாம்பு, பாம்போடு சேர்ந்து பாம்பு பிடிப்பவர்!

குதிரையை விலக்க வேண்டுமென்றால் ஆன்டிபாடியின் மரபணுவை நகலாக்க வேண்டும். அது வேறு வேலை. கட்டுரை அதையும் தொட்டுச் செல்கிறது, ஆனால் அந்த வேலையைச் செய்யவில்லை. செய்தவர்கள் பின்னால் வந்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவும் சேர்ந்து 95மேட்5 என்ற ஒரு ஆன்டிபாடியை வெளியிட்டார்கள். நாகம், கட்டுவிரியன் வகைகளின் நீள் நரம்பு நச்சுகளைக் கட்டக்கூடியது. 2025 ஜனவரியில் டேவிட் பேக்கர் குழு, ஆன்டிபாடியே இல்லாமல், கணினியில் வடிவமைத்த சிறு புரதங்களால் அதே வகை நச்சுகளைத் தடுத்தது. இரண்டும் எலிகளில் காட்டப்பட்டவை.

ஒரு விஷயத்தில் கட்டுரையின் பக்கம் நான் நிற்கிறேன். மருந்தில் இப்போதிருக்கும் பெரிய ஓட்டை, ஆளைக் கொல்லும் நச்சுக்கு எதிராகவே ஆன்டிபாடி குறைவாக இருப்பது. நல்ல பாம்பின் நரம்பு நச்சுகள் மூவிரல் நச்சுக் குடும்பம். அறுபது, எழுபது அமினோ அமிலம்தான். அவ்வளவு சின்னது குதிரையின் நோயெதிர்ப்பின் கண்ணில் சரியாகப் படாது. விஷத்தில் உள்ள பெரிய புரதங்கள் எல்லாக் கவனத்தையும் இழுத்துக்கொள்ளும். எந்த நச்சு முக்கியம் என்று பட்டியல் இருந்தால், அதை மட்டும் தனியே செய்து கூடுதலாக ஏற்றலாம். பானை விஷத்தால் இதைச் செய்ய முடியாது. கட்டுரையாளர்கள் இதை முன்னால் வைத்துப் பேசியிருந்தால் குறைவாகத்தான் பரபரப்பாகியிருக்கும், ஆனால் உறுதியாக நின்றிருக்கும். அதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மூவிரல் நச்சில் குறைந்தது நான்கு கந்தக முடிச்சுகள் சரியான ஜோடியில் விழ வேண்டும். ஈ.கோலையின் உட்பகுதி அந்த முடிச்சுகள் விழ ஏற்ற இடமில்லை. எழுத்து சரி, மடிப்பு தப்பு என்றால் அது அந்த நச்சே இல்லை.

அடுத்த குறை இன்னும் பெரியது. நம் மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒரு மில்லி மருந்து நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் தலா 0.6 மில்லிகிராமையும் மற்ற இரண்டில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது தரநிலை. ஆனால் எந்த ஊர்ப் பாம்பின் விஷம்? ஒரே இனம்தான், ஆனால் ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறுகிறது. சுனகர் குழு 2019ல் வெளியிட்ட ஆய்வு, வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சில பாம்புகளிடம் இந்த மருந்து எவ்வளவு பலவீனமானது என்று காட்டியது. தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்தை நாடு முழுக்க ஏற்றுவதன் மீதுள்ள பழைய புகார் இது, நியாயமான புகாரும்கூட. காட்டில் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விடும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் ஏற்பதில்லை. எந்தப் பாம்பு, எந்த இடம் என்று கணக்கு வைக்க முடிகிற நிரந்தரப் பாம்பு வளர்ப்பகம் வேண்டும் என்கிறது. ஊர்ப்பற்றில் இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நல்ல பாம்பின் ஜீனோமை வைத்து 'இந்திய நல்ல பாம்பின் 19 நச்சுகள்' என்று நிலைநிறுத்துவதும் அதே தவறின் இன்னொரு வடிவம்தானே? வடநெம்மேலி விஷத்தில் ஒரு வட்டாரத்துப் பல பாம்புகளாவது கலந்திருக்கின்றன. மூவிரல் நச்சு மரபணுக்கள் இரட்டித்து இரட்டித்துப் பெருகிய குடும்பம். தனிப் பாம்புக்குள்ளும் ஊருக்கு ஊரும் எண்ணிக்கை, எழுத்து, இயங்கும் அளவு எல்லாம் மாறக்கூடிய இடம் இதுதான். இதற்கு 'குறைந்தபட்சச் சாரம்' என்ற பெயர் கொஞ்சம் முந்திவிட்டது.

இன்னொன்று, நல்ல பாம்பு நம் நாட்டின் முதல் பிரச்சினையே இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று 2020ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வு திரட்டிய கடிகளில் கண்ணாடி விரியன் 43 சதவீதம், கட்டுவிரியன் வகை 18, நாகம் 12. கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைதலைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் பழுதாக்கும். அதில் பெரிய நொதிகள், பலவகை, ஒன்றுக்கொன்று துணை. ஒரு ஆன்டிபாடியில் அடங்கக்கூடியதில்லை. மேலே சொன்ன 95மேட்5, பேக்கர் குழுவின் புரதங்கள் இரண்டுமே மூவிரல் நச்சுக்கானவை. விரியன் கடிக்கு அவை உதவாது. எளிதில் விடை கிடைக்கிற பாம்பில்தான் விடைகள் குவிகின்றன. நாற்று நடப்போன காலில் கடிப்பது பெரும்பாலும் மற்றது.

கடைசியாக, பணம். நல்ல பாம்பின் ஜீனோம் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. திறந்த தரவுக்கு நான் எதிரி இல்லை, அது இல்லாவிட்டால் என்னைப் போல வெளியிலிருந்து படிக்கிறவனுக்கு இடமே கிடையாது. ஆனால் 2002 பல்லுயிர்ச் சட்டம் எழுதப்பட்டபோது பொருளைக் கையில் எடுத்துப் போனால்தான் பங்கு கேட்டது, எழுத்து வரிசையை இறக்கிப் போனால் கேட்க அதில் தெளிவான வழி இருக்கவில்லை. 1995ல் கேரளத்தின் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று ஏற்பாடானது. ஒரு செடி, ஒரு கம்பெனி, ஒரு ஒப்பந்தம் இருந்ததால் அது முடிந்தது. வரிசைத் தரவுக்கு 2025 பிப்ரவரியில் காலி நிதி என்று உலக அளவில் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கம்பெனிகள் தாமாக முன்வந்து போட்டால்தான் அதில் காசு.

எதிர்ப்பு வழியாக இல்லாமல் வேறொரு வழியாகவும் யோசிக்கலாம். கட்டுரையின் பலவீனம் ஒரே மாதிரி என்பது. அதைச் சரிசெய்ய ஊர் ஊராகப் பல பாம்புகள் வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே எப்போது பிடிபட்டது என்ற விவரத்தோடு. சட்டைத் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் யார்? 2017ல் வடிவேலையும் மாசியையும் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனது அந்தக் கண்ணுக்காகத்தான். வடநெம்மேலியில் பானைக்குப் பானை இனத்தையும் தேதியையும் எழுதி வைத்திருப்பார்கள். அதோடு இடத்தையும் சேர்த்து எழுதி, பாம்பைத் திரும்ப விடுவதற்குள் அதன் செதிலில் ஒரு துணுக்கு எடுத்து வைத்தால் டி.என்.ஏவுக்கு அது போதும். விஷத்தை கிராம் கணக்கில் விற்கும் சங்கம், இந்த மாதிரிகளுக்கும் விவரங்களுக்கும் தனி விலை சொல்லலாம். அடுத்த ஜீனோம் கட்டுரையில் மாதிரி சேகரிப்பு என்ற பத்தியில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அது கண்ணாடி விரியனாக இருந்தால் இன்னும் நல்லது.