துருவோடு சேர்ந்து போவது: பழைய வேட்டைத் துப்பாக்கியைப் புதுப்பிக்கும் வீடியோக்கள் பற்றி

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யூடியூபில் 'ரெஸ்டோரேஷன்' வீடியோ பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உங்களில் பலருக்கும் இருக்கும், வெளியே சொல்ல மாட்டீர்கள். துருப்பிடித்த கோடாலி, பழைய தையல் மெஷின், அப்புறம் ஒரு கட்டத்தில் வேட்டைத் துப்பாக்கி. யாரோ ஒருவர் செங்கல் நிறத்தில் இருக்கும் ஒரு இரும்புக் கட்டையை மேஜையில் வைப்பார். பேச்சே கிடையாது. ஸ்க்ரூ கழலும், துரு உதிரும், மரத்தில் உப்புத்தாள் ஓடும். இருபது நிமிஷத்தில் கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி ஒரு ரைஃபிள். நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

போன வருஷம் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன்பிறகு மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டில் நிஜமாகவே ஒரு பழைய ரைஃபிளைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த வீடியோக்கள் மேல் ஒரு சந்தேகம். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நண்பருடைய பெரியப்பாவுக்கு வயது எண்பதைத் தொடுகிறது. ரைஃபிள் அவருடைய அப்பாவுடையது. அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மரக் கான்ட்ராக்ட் எடுத்தவர். கென்னத் ஆண்டர்சன் படித்தவர்களுக்கு அந்தக் காடு தெரிந்திருக்கும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு துப்பாக்கி பீரோவுக்குள் போய்விட்டது. தேர்தல் வரும்போது மட்டும் வெளியே வரும், ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு முடிந்ததும் வாங்கி வர. இப்போது பெரியப்பாவுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கும் தெம்பு இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அது வேண்டாம். லைசென்ஸ் உள்ள யாருக்காவது கைமாற்ற வேண்டும், இல்லை என்றால் சரண்டர். கொடுக்கும் முன்னால் அதை 'ஒருதடவை பளிச்னு ஆக்கிடலாம்' என்பது நண்பரின் ஆசை. வீடியோ எல்லாம் பார்த்து வைத்திருந்தார். பெரியப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தொடாதேடா."

நண்பர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வீடியோக்களில் நிஜமான கைவேலை இருக்கிறது. துப்பாக்கிக் குழலின் அந்தக் கருநீல நிறம் பெயின்ட் அல்ல. பழைய முறையில் அதுவே ஒருவகைத் துருதான். இரும்பில் மெல்லியதாகச் செந்துரு பிடிக்க விடுவார்கள், கொதிநீரில் போடுவார்கள், அது கறுப்பாக மாறும், தேய்ப்பார்கள். இதையே பல தடவை செய்ய வேண்டும். அந்தக் கறுப்புப் படலம் கெட்ட துருவைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி போட்டு மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைப்பார்கள். அமுங்கிய மரநார் ஆவியில் உப்பி எழுந்துவிடும். முதல்முறை பார்த்தபோது கைதட்டினேன்.

என் புகார் அதற்கு அடுத்த காட்சியில். உப்புத்தாளும் மணல் வீச்சும் வந்தவுடன் எல்லாம் சமம் ஆகிவிடுகிறது. குழலில் இருக்கும் சோதனை முத்திரை, தொழிற்சாலை எண், கட்டையில் யாரோ கத்தியால் கீறிய கோடு, கன்னமும் கையும் பட்டுப் பட்டுக் கறுத்த இடம், துருவோடு இவையும் சேர்ந்து போகின்றன. கடைசியில் வரும் பொருள் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது என்பதைச் சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மந்தைவெளி ரைஃபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். அது .315. பார்த்தால் போலீஸ்காரர் தோளில் தொங்கிய .303-இன் தம்பி மாதிரி இருக்கும். உடம்பு அதே லீ-என்ஃபீல்ட் உடம்புதான், தோட்டா மட்டும் வேறு. காரணம் அரசியல். ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு .303-ஐத் தனியாருக்குத் தடுத்து வைத்திருந்தது. அதனால் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்தியச் சந்தைக்காக அதே வகைத் துப்பாக்கியை .315-இல் செய்து விற்றது. சுதந்திரத்துக்குப் பிறகும் வங்காளத்தில் உள்ள இஷாபூர் தொழிற்சாலை அதே அளவைத் தொடர்ந்தது. ஆளப்படுகிறவர்கள் மேல் ஆள்பவர்களுக்கு இருந்த பயம், சட்டமாகி, கடைசியில் ஒரு குழலின் விட்டமாக உறைந்து நிற்கிறது. இதைச் சொல்வது அதன் மேல் இருக்கும் முத்திரைகளும் எண்களும்தான். பளபளப்பு சொல்லாது.

இன்னொன்று. அமெரிக்காவில் ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற இந்தப் பொழுதுபோக்கை மயிலாப்பூர் மொட்டைமாடியில் செய்ய முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. கையில் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாததாக இருந்தால், சட்டம் அதைத் தொடாது. இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். வீடியோக்காரருக்கு உயிர் திரும்பிய துப்பாக்கிதான் வெற்றி. நம்முடைய சட்டத்துக்கோ இனி உயிரே வராது என்றால்தான் அது நினைவுப்பொருள். சட்டம் எழுதியவர்கள் பாதுகாப்பை நினைத்து எழுதியதுதான், அழகியலை நினைத்து அல்ல. ஆனாலும் ஒரு பழைய ஆயுதத்தை எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு அதில் ஒரு வழி கிடைக்கிறது.

'இதெல்லாம் மேல்நாட்டுப் பிரச்சினை' என்று தோன்றினால், நம்ம ஊர்க் கோயில்களைப் பாருங்கள். கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி நடக்கும்போது, கருங்கல் சுவரைச் சுத்தம் செய்ய மணல் வீச்சைப் பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போனது. கூடவே கல்லின் மேல்தோலும், கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பும் போயின. ஆய்வாளர்கள் கத்திய பிறகுதான் தடை வந்தது. செய்தவர்கள் யாரும் வரலாற்றை அழிக்கக் கிளம்பவில்லை. கோயில் பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். என் நண்பரும் அதையேதான் நினைத்தார்.

மறுபக்கமும் இதே ஊரில்தான் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில், 1930-களில் எஸ். பரமசிவன், 'வெண்கல நோய்' பிடித்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார். குளோரைடு உப்பு உள்ளே இருந்துகொண்டு உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். சும்மா விட்டால் சிலை பொடியாகிவிடும். இன்று ரைஃபிள் வீடியோவில் சலவை சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுப்பதும் அடிப்படையில் அதே முறைதான். அதனால் 'எதையும் தொடாதே' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நோய் என்றால் வைத்தியம் வேண்டும். ஆனால் மின்பகுப்பு, காலம் பூசிய மேல்படலத்தையும் சேர்த்து உரித்துவிடும் என்பதால், அதை அந்த நாள் போல இன்று தாராளமாகப் பயன்படுத்துவதில்லை. எது நோய், எது வெறும் வயசு என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையின் கஷ்டமான பாதி. வீடியோக்களில் அந்தப் பாதி வருவதே இல்லை.

ஜிம் கார்பெட்டின் ரைஃபிள் கதை இதற்குப் பொருத்தம். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். கட்டையில் அதைச் சொல்லும் வெள்ளித் தகடு உண்டு. 1955-இல் கார்பெட் இறந்த பிறகு அது பல காலம் அவருடைய பதிப்பாளரிடம் இருந்தது. 2015-இல் ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கி, 2016-இல் குமாவுன் கிராமங்களுக்கு எடுத்துப் போய்க் காட்டியது. அதன் நினைவாகப் புதிய துப்பாக்கி ஒன்று செய்து ஏலமும் விட்டார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. புதுசு வேண்டும் என்றால் புதுசாக ஒன்று செய்யுங்கள், பழசு தன் தேய்மானத்தோடு இருக்கட்டும்.

ஆனால் இந்தக் கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. பரிசு ரைஃபிள் அந்தப் புலியைச் சுடவில்லை, புலி செத்த பிறகுதான் வந்தது. கார்பெட்டே எழுதியிருக்கிறார்: கடைசி நேரத்தில் தோட்டா தீர்ந்துபோய், தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இடைவெளி தெரியும் அளவுக்கு ஆடிப்போன துப்பாக்கி. குண்டு குறிதவறிப் புலியின் பாதத்தில்தான் பட்டது. நல்லவேளை, முன்பு பட்ட குண்டுகளிலேயே அது சாகும் தறுவாயில் இருந்தது. வெள்ளித் தகடு உள்ள ரைஃபிள் இன்று உலகம் சுற்றுகிறது. தாசில்தாரின் துப்பாக்கியை யார் எடுத்து வைத்தார்கள்? எதைப் பாதுகாப்பது என்று முடிவு செய்கிறபோதே, யாருடைய கதை நிற்க வேண்டும் என்றும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

மந்தைவெளியில் கடைசியில் நடந்தது இதுதான். உப்புத்தாள் வரவில்லை. பெரியப்பா மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டு வெளிப்புறத்தை மட்டும் துடைத்தார், ஐம்பது வருஷமாகத் துடைப்பது போலவே. நண்பர் முத்திரைகளையும், எண்ணையும், கட்டையில் கறுத்த இடத்தையும் போட்டோ எடுத்தார். பழைய லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார். அதில் தாத்தாவின் கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் நடுங்கிக்கொண்டே போவது தெரிகிறது. அது இதுவரை வீட்டில் யாரும் கவனிக்காத விஷயம்.

வீடியோ செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் ஸ்க்ரூவைக் கழற்றும் முன்னால், ஒரு ஐந்து நிமிஷம் அந்தப் பொருளைப் படித்துக் காட்டுங்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் உப்புத்தாள் எடுக்கத் தோன்றினால், எடுங்கள்.