பத்துப் பேரும் தூங்கினார்கள்

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னியர் கதை வருகிறது. மணவாளனை எதிர்கொண்டு அழைக்க விளக்கோடு போகிறார்கள். ஐந்து பேர் கையில் கூடுதல் எண்ணெய் இருக்கிறது, மற்ற ஐந்து பேரிடம் இல்லை. மணவாளன் வரத் தாமதமாகிறது. நள்ளிரவில் 'வந்துவிட்டார்' என்று சத்தம் கேட்கிறது. எண்ணெய் இல்லாதவர்கள் வாங்கிவர ஓடுகிறார்கள். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. ஆகவே விழித்திருங்கள் என்று கதையை முடிக்கிறார் இயேசு.

பிரசங்கத்தில் இந்தக் கதையைக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சாத்திய கதவுதான் மனதில் நிற்கும். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் போகிறபோக்கில் வரும் ஒரு தகவல். மணவாளன் தாமதித்தபோது பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள். புத்தியில்லாத ஐந்து பேர் மட்டுமில்லை, புத்தியுள்ள ஐந்து பேரும்தான். அதற்காக அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'விழித்திருங்கள்' என்று முடிகிற கதையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அப்படியென்றால் விழித்திருப்பது என்றால் என்ன?

கடைசிக்காலத்தைப் பற்றிய சில படங்களையும் புத்தகங்களையும் இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவற்றில் பெரும்பாலானவை நம்மைத் தூங்கவே விடாத படைப்புகள். அதில்தான் அவற்றின் பலம் இருக்கிறது. பிரச்சினையும் அதில்தான் இருக்கிறது.

முதலில் 'எ தீஃப் இன் த நைட்'. 1972இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எடுக்கப்பட்ட படம். இயக்கம் டொனால்ட் தாம்ப்ஸன், தயாரிப்பு ரஸ்ஸல் டௌட்டன். சின்ன பட்ஜெட், சுமாரான நடிப்பு. தியேட்டர்களைவிட தேவாலயங்களிலும் இளைஞர் முகாம்களிலும் 16 எம்.எம். புரொஜெக்டரில் ஓடிய படம். பேட்டி என்ற இளம்பெண் காலையில் கண்விழிக்கிறாள். ஏராளமான மனிதர்கள் திடீரென்று மறைந்துபோனதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருக்கிறது. குளியலறையில் கணவனின் எலக்ட்ரிக் ஷேவர் வாஷ்பேசினில் கிடந்து தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணவனைக் காணோம்.

அந்த ஷேவர் சத்தத்தை மறப்பது கஷ்டம். வானம் பிளக்கவில்லை, எக்காளம் ஊதவில்லை. தினமும் காலையில் கேட்கிற ஒரு சத்தம், அதை நிறுத்த வேண்டிய கை மட்டும் இல்லை. கைக்காசு இல்லாத ஒரு சினிமாவுக்கு இப்படியொரு காட்சி அமைவது சாதாரணமில்லை. அதைப் படம் என்ன செய்கிறது என்பதுதான் சிக்கல். பேட்டி தப்பி ஓடுகிறாள், துரத்தப்படுகிறாள், கடைசியில் பாலத்திலிருந்து விழுகிறாள். சட்டென்று படுக்கையில் கண்விழிக்கிறாள். எல்லாம் கனவு. அப்பாடா என்று நாம் மூச்சு விடுவதற்குள் ரேடியோ அதே செய்தியைச் சொல்கிறது, குளியலறையில் அதே சத்தம். இந்த முறை நிஜம்.

கண்விழிப்பதையே தண்டனையாக்கிவிடுகிறது இந்த முடிவு. நீ விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்கிறது. பேட்டி நாத்திகவாதியும் இல்லை. கோயிலுக்குப் போகிற பெண், தன்னைக் கிறிஸ்தவள் என்றே நினைத்துக்கொண்டிருப்பவள். அது போதாது என்கிறது படம். எவ்வளவு இருந்தால் போதும் என்று மட்டும் பார்ப்பவருக்குத் தெரிந்த பாடில்லை. இத்தகைய படங்களோடும் பிரசங்கங்களோடும் வளர்ந்த அமெரிக்கர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிற நினைவு ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பார்கள். வீடு திறந்திருக்கும், அம்மாவைக் காணோம். எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், நான் மட்டும் மாட்டிக்கொண்டேன் என்று அந்தக் குழந்தை உறைந்து நிற்கும். அம்மா பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் சிலருக்கு ஆயுள் முழுக்க நீள்கின்றன.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 'இரகசிய வருகை' என்ற சொல்லைக் கன்வென்ஷன் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இந்தப் போதனை 1830களில் பிரிட்டனில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் வடிவம் பெற்று, 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாகப் பரவியது. இதற்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் வசனம் மத்தேயு 24இல் இருக்கிறது. வயலில் இரண்டு பேர், ஒருவன் எடுக்கப்படுகிறான், மற்றவன் விடப்படுகிறான். நம்மிடையே பரவலாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் இதற்கு 'ஏற்றுக்கொள்ளப்படுவான்', 'கைவிடப்படுவான்' என்ற சொற்களைப் போடுகிறது. அதாவது யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை மொழிபெயர்ப்பே தீர்த்துவைத்துவிடுகிறது.

மூலத்தில் அவ்வளவு தீர்மானம் இல்லை. சற்று முன்னால்தான் நோவாவின் காலத்து வெள்ளம் பேசப்படுகிறது. அந்த வெள்ளம் அழிந்தவர்களை வாரிக்கொண்டு போகிறது, பிழைத்த நோவா மிஞ்சி நிற்கிறார். அந்த உவமையை அப்படியே நீட்டினால் விடப்பட்டவன்தான் பிழைத்தவன் என்றுகூட வாசிக்கலாம். அப்படி வாசிக்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். 'விடுவது' என்பதற்கு அங்கே இருக்கும் கிரேக்க வினை, கர்த்தருடைய ஜெபத்தில் 'மன்னிப்பது' என்ற பொருளில் வருகிற அதே வினை. தமிழிலோ 'கைவிடுதல்' வேறொரு இடத்தை ஞாபகப்படுத்துகிறது. சிலுவையில் இயேசு பிதாவிடம் கேட்கும் கேள்வியின் வினைச்சொல்லும் அதுதான். அதனால் தமிழில் இந்த வசனத்தை வாசிப்பவருக்குப் பயம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஒரு சொல் ஒரு இறையியலையே சுமந்து வந்துவிடும் என்பதற்கு நல்ல உதாரணம் இது.

சரி, பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கணக்கு. 1907இல் எட்மண்ட் காஸ் எழுதிய 'ஃபாதர் அண்ட் சன்' என்ற நூலை, இந்த விஷயத்தில் ஆர்வமுள்ள எவரும் வாசித்தே ஆகவேண்டும். தந்தை ஃபிலிப் காஸ் மதிப்பு மிக்க இயற்கை அறிவியலாளர், கடல்வாழ் உயிரினங்களை நுட்பமாக ஆராய்ந்தவர். அதேசமயம் பிரதரன் சபையின் தீவிர விசுவாசி. அவரும் மனைவி எமிலியும் மாலைப்பொழுதுகளில் உட்கார்ந்து வெளிப்படுத்தின விசேஷத்துக்கு விளக்கம் தேடுவார்கள். அதன் மிருகங்களுக்கும் பாபிலோனுக்கும் நடுவே மூன்றாம் நெப்போலியனையும் போப் ஒன்பதாம் பயஸையும் பீட்மாண்ட் அரசரையும் கண்டுபிடிப்பார்கள். அவர்களுக்கு அது பெரிய சந்தோஷம் என்கிறார் மகன். கேலி இருக்கிறது, ஆனால் பாசமான கேலி.

1970இல் ஹால் லின்ட்ஸியின் 'த லேட் கிரேட் பிளானட் எர்த்' வருகிறது. அதே தீர்க்கதரிசனம், பத்திரிகை மட்டும் புதுசு. இப்போது சோவியத் ரஷ்யா, ஐரோப்பியப் பொதுச் சந்தை, 1948இல் உருவான இஸ்ரேல். ஒரு தலைமுறை என்பது நாற்பது ஆண்டு என்று வைத்தால் 1988 பக்கம் கை காட்டுகிற கணக்கு. 1988 வந்தது, போனது. புத்தகம் அதற்குள் லட்சக்கணக்கில் விற்றிருந்தது. ஃபிலிப் காஸும் இப்படித்தான். தேதி குறிப்பார், தேதி கடந்துபோகும், கோபப்படுவார், கணக்கில் ஏதோ சின்னப் பிழை என்று முடிவு செய்வார், மறுபடி உற்சாகமாக ஆரம்பிப்பார். கடற்கரைக் குட்டையில் ஒரு சிற்றுயிரின் ஒவ்வொரு அசைவையும் கவனித்த மனிதர், பக்கத்தில் ஒரு பையன் தன்னைவிட்டு விலகி வளர்ந்துகொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. விழிப்பு முழுக்க வானத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த நூலின் முடிவுக்குச் சற்று முன் ஒரு காட்சி. வளர்ந்துவிட்ட எட்மண்ட், கோடைக்காலப் பிற்பகலில் பள்ளியில் ஜன்னலோரம் தனியாக இருக்கிறான். வெளியே தோட்டம், ஒளி. திடீரென்று ஒரு பரவசம். ஆண்டவரே, இப்போதே வந்து என்னை எடுத்துக்கொள்ளும் என்று மனமுருகி வேண்டுகிறான். காத்திருக்கிறான். ஒளி மங்குகிறது. மற்ற பையன்கள் பேசிக்கொண்டே திரும்பி வருகிறார்கள். தேநீர் மணி அடிக்கிறது. அவர் வரவில்லை, இனி வரவும் மாட்டார் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஷேவர் சத்தத்துக்கும் தேநீர் மணிக்கும் நடுவில் அறுபத்தைந்து வருடம். இரண்டுமே அன்றாடத்தின் சத்தங்கள். ஒன்றில், வந்துவிட்டார் என்பதால் உலகம் முடிகிறது. மற்றதில், வரவில்லை என்பதால் ஒரு நம்பிக்கை முடிகிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய இலக்கியமாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் அவன் நம்பிக்கையை இழந்தான் என்பதல்ல. காத்திருப்பு உள்ளே எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கம் நேர்மையாகச் சொல்கிறது. படம் நம்மைப் பயமுறுத்த அவசரப்படுகிறது, காத்திருப்பதற்கு அதற்கு நேரமில்லை.

காத்திருப்பை அதன் எல்லைவரை கொண்டுபோன படம் ஒன்று இருக்கிறது. மைக்கேல் டோல்கின் இயக்கிய 'த ராப்ச்சர்', 1991. லாஸ் ஏஞ்சலஸில் தொலைபேசி விசாரணை ஊழியராக வேலை பார்க்கும் ஷாரன் (மிமி ரோஜர்ஸ்), வெறுமையான வாழ்க்கையிலிருந்து விசுவாசத்துக்கு வருகிறாள். திருமணம், ஒரு மகள். கணவன் சுட்டுக்கொல்லப்படுகிறான். ஆண்டவர் வரப்போகிறார் என்று நம்பி மகள் மேரியோடு பாலைவனத்துக்குப் போய்க் காத்திருக்கிறாள். நாட்கள் போகின்றன. சாப்பாடு இல்லை. அப்பாவிடம் சீக்கிரம் போய்விடலாம் என்கிறது குழந்தை. கடைசியில் ஷாரன் மகளைச் சுட்டுவிடுகிறாள். தற்கொலை செய்தால் பரலோகம் கிடையாது என்பதால் தன்னைச் சுட்டுக்கொள்ளவில்லை.

இதுவரை இது மூடநம்பிக்கைக்கு எதிரான படம் என்றுதான் தோன்றும். அடுத்து நடப்பதுதான் அதிர்ச்சி. எக்காளம் உண்மையாகவே ஒலிக்கிறது. சிறையின் கம்பிகள் விழுகின்றன. எல்லாம் அவள் நம்பியபடியே நடக்கிறது. இறந்த மகள் வந்து, கடவுளை நேசிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல் அம்மா, போதும் என்கிறாள். ஷாரன் மறுக்கிறாள். இருட்டில் தனியாக நிற்கிறாள்.

கடவுள் இல்லை என்று சொல்லியிருந்தால் படத்துக்குச் சுலபம். இருக்கிறார், வந்தும் விட்டார், ஆனாலும் இந்தத் தாயின் கேள்வி மிச்சமிருக்கிறது என்கிறது டோல்கினின் படம். தீர்க்கதரிசனம் சரியாக இருந்தாலும்கூட அதை எதிர்பார்த்த விதம் தவறாக இருக்க முடியும். 1995இல் தொடங்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல் வரிசை கோடிக்கணக்கில் விற்றும் தொடாத இடம் இது. அந்த நாவல்களில் கணிப்பு பலித்துவிட்டால் எல்லாக் கேள்வியும் முடிந்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். வசதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு நோயாகத் தெரியும், ஒடுக்கப்பட்டவர்களுக்கு அதுதானே மூச்சு? நியாயமான கேள்விதான். வெளிப்படுத்தின விசேஷமே ரோமப் பேரரசின் நிழலில் வாழ்ந்த ஆசியா மைனரின் ஏழு சிறிய சபைகளுக்கு எழுதப்பட்டது. அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் பாடிய பாடல்களிலும் அந்த நாள் வருகிறது, விடுதலையின் நாளாக. இந்த உலகம் இப்படியே இருக்காது என்று நம்புவது அவர்களுக்குச் சோறு மாதிரி. நான் குறை சொல்வது அந்த நம்பிக்கையை அல்ல. நாங்கள் தப்பிப்போம், மற்றவர்கள் மாட்டுவார்கள் என்று அதைச் சுருக்கிய கதைகளைத்தான். ஒடுக்கப்பட்டவர்களின் புத்தகத்தை எடுத்து, எதையும் இழக்காதவர்களின் சஸ்பென்ஸ் நாவலாக்கிவிட்டார்கள்.

இதற்குப் பதில் மத்தேயு 25இலேயே இருக்கிறது, அதிகாரத்தை முழுசாக வாசித்தால் போதும். கன்னியர் கதைக்கு அடுத்து தாலந்து கதை. அதில் தண்டிக்கப்படுகிறவன் சோம்பேறி என்று நமக்குத் தெரியும். அவன் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: எஜமான் கடினமானவர், அதனால் பயந்துபோய்ப் பணத்தைப் புதைத்துவைத்தேன். வருகிறவரைப் பற்றிய பயம்தான் அவனை ஒன்றும் செய்யவிடாமல் ஆக்கியது. அதற்கடுத்து நியாயத்தீர்ப்பு. பசித்தவனுக்குச் சோறும் தாகத்துக்குத் தண்ணீரும் கொடுத்தவர்கள், சிறையிலிருந்தவனைப் போய்ப் பார்த்தவர்கள் வலது பக்கம் நிற்கிறார்கள். எப்போது உம்மைப் பார்த்தோம் என்று அவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். வந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எந்த அடையாளத்தையும் அவர்கள் கணக்குப் போடவில்லை. எதிரே வந்தவனுக்குப் பசிக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டது.

மூன்று கதைகளையும் சேர்த்து வாசித்தால் விழித்திருப்பதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கிறது. எண்ணெய் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பயந்தவன் புதைத்துவிடுவான். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தவர்தான் விழித்திருந்தவர். பாலைவனத்தில் ஷாரன் இரவு பகலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்திருந்த குழந்தை அவள் மடியில்தான் இருந்தது.