பூஜ்யத்தைப் போட்டுப் பார்!

ஜே.இ.இ. மெயின் தேர்வில் 75 வினாக்களுக்கு 180 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. இந்த நெருக்கடியில் கோச்சிங் வகுப்புகளின் செல்லப்பிள்ளையாக வளர்ந்திருப்பது ‘போட்டுப் பார்க்கும்’ முறை. முக்கோணவியல் என்றால் கோணத்துக்கு 0 அல்லது 45 பாகையைப் போடு. இயற்கணிதம் என்றால் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகச் சமன்பாட்டில் வை. பொருந்துவதைக் குறித்துவிட்டு நகர்.

இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஓர் எண்ணோடு 7-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அதே எண்ணிலிருந்து 5-ஐக் கழித்த விடை வருகிறது; அந்த எண் எது? இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 9, 2 என இரண்டு மூலங்கள் கிடைக்கும். 2-ஐ முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் ஒருபுறம் 3, மறுபுறம் −3. வர்க்கப்படுத்தும்போது நுழைந்த பொய் மூலம் அது. முறைப்படி கணக்குப் போட்டவரும் கோட்டைவிடும் இடத்தில் இம்முறை காப்பாற்றுகிறது.

மதிப்பெண் கணக்கும் இதற்குச் சாதகம். சரியான விடைக்கு 4. தவறுக்கு 1 கழிவு. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண். இரண்டு ஆப்ஷன்களை நிச்சயமாக நீக்கிவிட்டுக் குறித்தால் ஒன்றரை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சைனின் நான்காம் படியும் கோசைனின் நான்காம் படியும் சேர்ந்தால் என்ன? 1-லிருந்து சைன், கோசைன் பெருக்கற்பலனைக் கழித்தது ஓர் ஆப்ஷன். அப்பெருக்கற்பலனுடைய வர்க்கத்தின் இரு மடங்கைக் கழித்தது இன்னொன்று. 0 பாகையில் இரண்டுமே 1. 45 பாகையில் இரண்டுமே 1/2. 30 பாகையைப் போட்டால்தான் 5/8 தரும் இரண்டாவதே சரியென்று தெரியும். சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடினால் 1 என்பதை வர்க்கப்படுத்தியவருக்கோ இரண்டே வரியில் விடை. ஒரு முற்றொருமையைப் பொய்யாக்க ஒரு மதிப்பு போதும், மெய்யாக்கப் போதாது. வகுப்பில் விட்டுப்போவது இந்தத் தர்க்கம்தான்.

ஆப்ஷனே இல்லாவிட்டால்? மெயின் தேர்வில் பாடத்துக்கு 25-இல் 5 வினாக்கள் எண்ணை நேரடியாக விடையாகக் கேட்பவை. ரேடியனில் அளந்த ஒரு கோணத்தின் சைன், அக்கோணத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சமம்; தீர்வுகள் எத்தனை? எதைப் போட்டுப் பார்ப்பது? சைன் அலையையும் நேர்கோட்டையும் வரைந்து, வெட்டும் இடங்களை எண்ணினால் 7. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய அட்வான்ஸ்டு தேர்விலோ, பொருந்திய முதல் ஆப்ஷனோடு நிறுத்தினால் மதிப்பெண் போகும்.

ஆக, போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை முறை. கற்கும் முறை அல்ல. பயிற்சியின்போது முழுவதும் நிறுவிவிட்டு, விடையைச் சரிபார்க்க மதிப்பைப் போடுங்கள். தேர்வறையில் நேரம் நெருக்கினால் தவறான ஆப்ஷன்களை நீக்க அதையே பயன்படுத்துங்கள். ‘பூஜ்யத்தைப் போடு’ என்று சொல்லித்தரும் ஆசிரியர்கள், அது எங்கே ஏமாற்றும் என்பதையும் அதே வகுப்பில் காட்டிவிட வேண்டும்.