தேய்ந்தது கையா, கருவியா?

பழுதுற்ற பொருளைக் களைந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவது இன்று எளிய செயலாகிவிட்டது. ஆயின், அப்பொருள் ஏன் பழுதுற்றது என வினவாமல் வாங்குவோமானால், பழைய குற்றத்தையே புதிய விலை கொடுத்துப் பெற்றவர்கள் ஆவோம். ஒரு நூலின் குணமும் குற்றமும் நாடுவது போலவே ஒரு கைக்கருவியின் குணமும் குற்றமும் நாடலாம் என்பது என் துணிபு. கணினியில் விளையாடுவதற்குப் பிள்ளைகள் இரு கைகளாலும் பற்றும் இயக்கியை, அவர்கள் வழக்கில் ‘கன்ட்ரோலர்’ எனப்படுவதை, ஈண்டு ஆய்வுப் பொருளாகக் கொள்கிறேன். தமிழாசிரியர் அவைக்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறுவோர் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தங்கையின் குடும்பம் சாங்கி வில்லேஜில் வாழ்கிறது. அவள் மகன் உயர்நிலைப் பள்ளி மாணவன். வானூர்தி ஓட்டும் விளையாட்டில் பெருவிருப்பம் உடையவன். வெளியே மெய்யான வானூர்திகள் சாங்கியில் இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே அவன் தன் திரையில் ஒன்றை இறக்கிக்கொண்டிருப்பான். ஒரு விடுமுறை நாளில் அவன் அருகில் அமர்ந்திருந்தேன். ஓடுபாதையை நெருங்கும்போதெல்லாம் அவனுடைய வானூர்தி இடப்பக்கம் சாய்ந்தது. “மாமா, நான் அந்தப் பக்கம் திருப்பவே இல்லை” என்றான். “முரட்டுத்தனமாக அழுத்தினால் எந்தக் கருவிதான் தாங்கும்? முதலில் கையை அடக்கப் பழகு” என்றேன் நான். அவன் மறுமொழி கூறவில்லை. இயக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரு கைகளையும் எடுத்துக்கொண்டான். வானூர்தி அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. அதனைக் கண்டபின்னும் நான் விட்டேனல்லேன். “முன்னரே கெடுத்து வைத்திருக்கிறாய்” என்று தீர்ப்பளித்தேன். முப்பது ஆண்டுகளாக மாணவரைத் திருத்திப் பழகிய நாவன்றோ!

கருவியின் வரலாறு

இயக்கியின் கோல் வானூர்தியிலிருந்து வந்தது. விமானியின் இயக்குகோலுக்கு ‘ஜாய்ஸ்டிக்’ என்னும் பெயர் முதல் உலகப் போருக்கு முன்னரே வழங்கியது. 1987-இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில் அக்கோல் விமானியின் முன்னின்று விலகிப் பக்கவாட்டில் சிறு பிடியாக அமைந்தது. விளையாடும் சிறுவனின் கைப்பிடிக்கும் விமானியின் கைப்பிடிக்கும் உள்ள உறவு வெறுங்கற்பனையன்று.

1981ஆம் ஆண்டு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. சாங்கி விமான நிலையம் செயற்படத் தொடங்கியது அவ்வாண்டில். ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியையும், அதனுடன் விளையாட்டுக் கோலை இணைப்பதற்குரிய தனி அட்டையையும் வெளியிட்டது அவ்வாண்டில். சிம் வோங் ஹூவும் அவருடைய நண்பர் இங் காய் வாவும் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். அக்கடையே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது. 1989-இல் அது வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டையில் விளையாட்டுக் கோலுக்குரிய இணைப்பும் சேர்ந்தே இருந்தது. இரண்டு அட்டைகள் செய்த பணியை ஒன்றே செய்தமையால் வாங்குவோர்க்கு அது சிக்கனமாயிற்று. உலகெங்கும் எண்ணற்ற இல்லங்களில் விளையாட்டுக் கோல்கள் சிங்கப்பூரர் ஆக்கிய அட்டையின் வழியே கணினியோடு உரையாடின. பழுதுபார்க்கும் கடை ஒன்றிலிருந்து இவ்வாக்கம் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

குற்றம் யாருடையது?

அடுத்த வாரம் அந்த இயக்கியை எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு அணித்தே ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கு இருவரும் சென்றோம். மின்னணு உதிரிப்பொருள் விற்கும் கடையொன்றில் முதியவர் ஒருவர் அதனைத் திறந்து காட்டினார். பார்த்தபின் என் தீர்ப்பு என்னையே சுட்டது.

கோலின் அடியில் இரு சிறு மாறுமின்தடைகள் உள்ளன. ஒன்று இடவல அசைவை அளப்பது, மற்றொன்று மேல்கீழ் அசைவை அளப்பது. ஒவ்வொன்றினுள்ளும் கரி பூசிய மெல்லிய தடம் ஒன்று உண்டு. கோல் அசையும்போது உலோக நாவொன்று அத்தடத்தின்மேல் உரசிச் செல்கிறது. உரசும் இடத்திற்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது; அம்மாற்றமே எண்ணாகிக் கணினியை அடைகிறது. உரசுவது தேயும். கோல் மீண்டும் மீண்டும் நடுவிடத்திற்கே திரும்பி வருவதால் அங்கே தேய்வு மிகுகிறது. கரி தேய்ந்து, துகளும் சேர்ந்தபின், நடுவில் நிற்கும் கோலைக் கருவி இடப்பக்கம் நிற்பதாகப் பொய்யுரைக்கிறது. மென்மையாக ஆடுபவன் கையிலும் இது நாளடைவில் நேர்வதே. முரட்டுக்கை அதனை விரைவுபடுத்தலாம். ஆனால் மூலகாரணம் கையன்று, அமைப்பு.

இங்கே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. பழைய கணினிக் கோல்களிலும் இதே உரசும் தடந்தான் இருந்தது. இணைப்பு மாறியது, வடம் மாறியது, வடமே இல்லாத வகையும் வந்தது, தடம் மட்டும் மாறவில்லை. ஆயினும் பழையவற்றுள் பலவற்றில் நடுவிடத்தைத் திருத்திக்கொள்ளச் சிறு சக்கரம் வைத்திருந்தனர். ‘யான் பிழை செய்யக்கூடும்; நீயே திருத்திக்கொள்’ என அக்கருவி ஒப்புக்கொண்டது. இன்றைய அழகிய இயக்கிகள் பலவற்றில் அச்சக்கரம் இல்லை. குற்றம் நிற்க, அதனை ஒப்புக்கொள்ளும் பணிவு மட்டும் நீங்கிற்று. இதுவே என் முதன்மையான குறை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. காந்தப்புலத்தில் மின்னோட்டம் காட்டும் விளைவொன்றை எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். கோலில் சிறு காந்தத்தைப் பொருத்தி, அதன் நிலையை ஹால் உணரியால் அறிந்தால் உரசல் வேண்டா. 1998-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டியின் இயக்கியில் இம்முறை கையாளப்பட்டது. பின்னர் பெரும்பாலோர் உரசும் தடத்தையே பின்பற்றினர். அண்மை ஆண்டுகளில்தான் ஹால் வகை மீண்டும் பரவி வருகிறது. இதனையும் குற்றமற்றது எனப் புகழ்ந்துவிடலாகாது. சுருள்வில் தளரும், பிளாஸ்டிக் தேயும், பொத்தான்கள் ஓயும். தடத்தின் தேய்வு ஒன்றே இல்லையாகும்.

மாற்றும் முறை

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயறிதலை முதலில் வைத்தார். அதன் காரணத்தை அடுத்து வைத்தார். தணிக்கும் வழியை அதன் பின்னரே வைத்தார். இங்கும் அம்முறையே பொருந்தும். முதலில் கணினியிலுள்ள சோதனைப் பகுதியில் கோலைத் தொடாமல் விட்டு எண் அசைகிறதா எனக் காண்க. சிறிது அசையின், நடுவைச் சுற்றி உணர்ச்சியற்ற வட்டம் ஒன்றை மென்பொருளில் அமைக்கலாம். ஆயின் நுண்ணிய அசைவுகளையும் அது விழுங்கிவிடும். துப்புரவுத் திரவம் சில காலம் உதவும். கோற்பகுதியை மட்டும் மாற்றலாம். அதற்குப் பத்துக்கு மேற்பட்ட பற்றவைப்புகளை எடுக்கும் கைத்திறன் வேண்டும். பொத்தானும் உறையும் உடன் தேய்ந்திருந்தால் முழுவதும் மாற்றுவதே முறை. அப்போது நிறத்தையும் பெயரையும் பார்க்குமுன் உள்ளிருக்கும் உணரி எவ்வகையது எனக் கேட்க வேண்டும்.

முன்னெல்லாம் உதிரிப்பொருள் தேடிச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குச் செல்வோம். அச்சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறியுள்ளது. 2021 ஜூலை முதல் அதனைத் திரட்டும் முறை சட்டத்தின் துணையோடு நடைபெறுகிறது. நன்று. ஆயினும் திரட்டுவது கடைசிப் பணி. திறந்து பார்ப்பதே முதற்பணி.

முடிவுரை

எங்கள் இயக்கியில் உறையும் கிழிந்து பொத்தான்களும் ஓய்ந்திருந்தமையால் ஹால் வகையில் புதியதொன்று வாங்கினோம். பழையதை எறியவில்லை, பற்றவைத்துப் பழக அவன் வைத்துக்கொண்டான்.

இந்நிகழ்ச்சி என் வகுப்பறையையும் எனக்குக் காட்டிற்று. ழகரம் வாராத மாணவனைக் கண்டதும் அவன் நாவைக் குறை கூறுகிறோம். கட்டுரை எழுதத் திணறுபவனைக் கண்டதும் அவன் சோம்பலைக் கூறுகிறோம். நாம் ஆண்டுதோறும் கொடுக்கும் அதே பயிற்சித்தாள் அவன் கையில் தேய்ந்துபோன தடமாக இருக்கலாம் என எண்ணுவதில்லை. பிள்ளை கையை எடுத்துக் காட்டிய பின்னும், ‘உன் கைதான்’ என்கிறோம்.

வீடு திரும்பும் பேருந்தில் அவனிடம், “அன்று நான் சொன்னது தவறு” என்றேன். “பரவாயில்லை, மாமா” என்றான் அவன். அவன் பெருந்தன்மைக்கு அது போதும். ஆசிரியனாகிய எனக்கு அது போதாது. அதனாலேயே இதனை எழுதினேன்.