மிளகளவு சேறு

காவிரிப் படுகையின் வட ஓரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகில் போகிறவர்கள் மரங்களைப் பார்த்துத் திரும்புகிறார்கள். நான் வற்றம் இறங்கும்வரை காத்திருந்து சேற்றைப் பார்க்கச் சொல்வேன்.

வளைகளைச் சுற்றி மிளகளவு சேற்று உருண்டைகள் சிதறிக் கிடக்கும். ஒற்றைப் பெருங்கொடுக்கு நண்டு உண்டு முடித்த எச்சில் இலை அது. சேற்றை அள்ளி வாயிலிட்டு, நுண்பாசியையும் மட்கையும் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டி வைக்கிறது. பெண் நண்டு இரண்டு கையாலும் அள்ளும். ஆணின் பெருங்கொடுக்கு பெண்ணை அழைக்கவும் எதிரியை விரட்டவும்தான், சோற்றுக்கு உதவாது. ஒரு கையாலேயே அது வயிறு நிரப்பியாக வேண்டும். அந்த ஒற்றைக் கையின் பரபரப்பை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது.

உப்பைச் சமாளிப்பதில் மரங்களுக்குள்ளும் குணபேதம் உண்டு. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு, இலை வழியே கசியவிடும். அதன் இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும்.

சுரபுன்னையிலும் இரண்டு இனம். இரண்டும் கலந்து பிறந்த ஒன்று அவற்றுக்கிடையே நின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கதிரேசன் 1995-இல் அதைப் புது இனமென விவரித்து, 'ரைசோபோரா அண்ணாமலையானா' என்று பெயரிட்டார். கலப்பினம் என்பது பிறகே உறுதியானது. இவ்வளவு ஒத்த முகங்களுக்கிடையே வேற்று முகம் ஒன்றை அடையாளம் கண்ட கண்ணை என்னவென்று சொல்வது!

எனக்கு மிகப் பிடித்தது வாய்க்கால்தான். முன்பு மரங்கள் கூறு கூறாக வெட்டப்பட்ட இடங்களில் வெயில்பட்டுத் தரை காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றி வற்றி, உப்பு மட்டும் தங்கியது, கன்று பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரோடு சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவே ஒரு தண்டு, இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். ஏற்றத்தில் நீர் நுழையும், வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். மண்ணுக்கு மூச்சு வந்ததும் கரையோரத்தில் வெண்கண்டல் வேர்பிடித்தது.

ஆனால் ஓதம் கொண்டுவரும் வண்டல் அந்த முள்ளை மெல்ல அடைத்துவிடும். மண்வெட்டியோடு மறுபடி இறங்கித் தூர் வார வேண்டும்.