8 கிலோவில் ஒரு பேஸ் ஆம்ப்: ஃபெண்டர் ரம்பிள் 40

பேஸ் கிடார் வாசிப்பவர் மூன்று ஆசைகளோடு ஆம்ப் வாங்கப் போகிறார். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், சத்தம் பெரிதாக இருக்க வேண்டும், கீழ்சுரங்கள் நெஞ்சில் இறங்க வேண்டும். மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்காது. ஸ்பீக்கர் வடிவமைப்பவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள்: மூன்றில் இரண்டை எடுத்துக்கொள், ஒன்றை விட்டுவிடு.

எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் பயிற்சி, வார இறுதியில் நண்பர்களோடு ஜாம் என்று இருப்பவர் சத்தத்தை விட்டுவிடலாம். சத்தத்தைப் போகிற இடத்தில் கடன் வாங்கிக்கொள்ள முடியும்; அங்கே மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கரும் இருக்கும். எடையை மட்டும் ஒவ்வொரு முறையும் நாமேதான் சுமக்க வேண்டும். இந்த அளவுகோலோடுதான் ஃபெண்டர் ரம்பிள் 40-ஐ வீட்டிலும் ஜாம் அறையிலும் புழங்கிப் பார்த்தேன்.

தூக்கிப் பார்த்தால்

40 வாட், ஒரு 10 அங்குல ஸ்பீக்கர், 8.2 கிலோ. இதே வரிசையில் ஒரு படி கீழே இருக்கும் ரம்பிள் 25-இல் ஸ்பீக்கர் 8 அங்குலம்தான், ஆனால் எடை 9.5 கிலோ. கடையில் இரண்டையும் அடுத்தடுத்துத் தூக்கிப் பார்ப்பவர் கொஞ்சம் முழிக்கத்தான் செய்வார். 100 வாட்டும் 12 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட ரம்பிள் 100-கூட 10 கிலோதான்.

பேஸ் ஆம்ப்கள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப். அதன் தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். எட்டு ஸ்பீக்கர் கொண்ட கேபினெட்டை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். எடையைப் பெருமளவு குறைத்தது கிளாஸ் டி சர்க்யூட். வால்வுக்குப் பின் வந்த பழைய சர்க்யூட்டில் டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்து நின்று, வாங்கிய மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். கிளாஸ் டி-யில் அது முழுக்கத் திறக்கும், இல்லையென்றால் முழுக்க மூடும். நொடிக்கு லட்சக்கணக்கான முறை. சூடு குறைந்ததால் பெரிய ஹீட்சிங்க் தேவையில்லாமல் போனது. ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை வந்ததும் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மரும் போனது.

முதுகில் கிடார் பை, ஒரு கையில் ஆம்ப், மறு கையில் மாடிப்படியின் கைப்பிடி. இப்படி ஏறிப் போக முடிகிறதா என்பதுதான் பயிற்சி ஆம்ப்புக்கு நான் வைக்கும் தேர்வு. ரம்பிள் 40 அதில் தேறிவிட்டது.

திருகிகளும் துளைகளும்

கெயின், ஓவர்டிரைவுக்கு டிரைவ், லெவல் என்று இரண்டு திருகிகள், பிறகு பேஸ், லோ மிட், ஹை மிட், ட்ரெபிள், கடைசியில் மாஸ்டர். பிரைட், கான்டூர், வின்டேஜ் என்று மூன்று பட்டன்களும் உண்டு. ஹெட்போன் போட ஒரு துளை, போனிலிருந்து பாட்டு விட ஒரு ஆக்ஸ் துளை, மிக்ஸருக்குப் போக எக்ஸ்எல்ஆர் லைன் அவுட். ப்ளூடூத் கிடையாது, ட்யூனர் கிடையாது, பேட்டரியிலும் ஓடாது.

இதில் கவனிக்க வேண்டியது மிட்டை இரண்டாகப் பிரித்திருப்பது. ரம்பிள் 25-இல் ஒரே மிட் திருகிதான். இளையராஜாவின் 1980-களின் பாடல்களை வாசித்துப் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். அந்தப் பாடல்களில் பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. தனக்கென்று ஒரு மெட்டோடு மேலும் கீழும் நடக்கும். லோ மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, ஹை மிட்டை நடுவிலேயே விட்டால் அந்த நடை ஒவ்வொரு அடியாகக் காதில் விழுகிறது. பேஸ் திருகியை மட்டும் ஏற்றினால் எல்லாம் ஒரே உறுமலாகிவிடுகிறது.

கான்டூர் பட்டன் நடு அலைவரிசையை வெட்டிவிட்டு மேலையும் கீழையும் தூக்குகிறது. தனியாக வாசிக்கும்போது கேட்கக் கேட்க இனிமை. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ்சுரங்கள் சரியாக எட்டாது என்பதால், இரவில் மெதுவாக வாசிக்க இது கைகொடுக்கும். ஆனால் டிரம்ஸும் கிடாரும் சேர்ந்துகொண்டால் அதை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் பேஸ் இருக்கிற இடமே தெரியாது.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில்

பேஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். நம் படுக்கையறையின் நீளமே அதில் பாதி வராது. 10 அங்குல ஸ்பீக்கர் அந்த 41 ஹெர்ட்ஸை முழு பலத்தோடு தருவதும் இல்லை. ஆனாலும் அது ஈ என்றுதான் கேட்கிறது. அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் காதில் விழுந்தால் போதும், அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஆம்ப்கள் பிழைப்பு நடத்துவதே இந்தச் சலுகையில்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 10 அடி அகல அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி 56 ஹெர்ட்ஸ் வாக்கில் தேங்கி நிற்கும். பேஸின் ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். அதனால் ஏ-யைத் திறந்து மீட்டினால் மட்டும் ஜன்னல் கண்ணாடி சேர்ந்து பாடும், பக்கத்து சுரங்கள் சாதுவாக இருக்கும். இது ஆம்ப்பின் கோளாறு அல்ல. ஆம்ப்பைச் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுத்து, ஒரு மர ஸ்டூலின் மேல் ஏற்றிவைத்ததும் உறுமல் பாதி அடங்கியது. கீழ்வீட்டுக்காரருக்கும் நிம்மதி, ஸ்பீக்கர் காதை நோக்கி வருவதால் நமக்கும் தெளிவு.

ஜாமில் எவ்வளவு தாங்கும்

கஹோன், அக்கூஸ்டிக் கிடார், மைக் இல்லாமல் ஒரு பாடகர் என்ற அளவுக்கு ரம்பிள் 40 தாராளம். மாஸ்டரைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கவில்லை. முழு டிரம் செட் வந்ததும் கதை மாறுகிறது. டிரம்மர் அளவோடு அடித்தால் தாக்குப்பிடிக்கிறது. அவர் உற்சாகமாகி சிம்பலில் இறங்கிவிட்டால் பேஸ் கரைந்துபோகிறது.

அப்போது கை தானாகப் பேஸ் திருகிக்குப் போகும். அங்கேதான் ஆம்ப் மூச்சுத் திணறுகிறது. ஒரே அளவு சத்தத்துக்கு, சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். இருக்கிற இடத்துக்கு மேல் அதனால் ஓட முடியாது. சுரத்தின் விளிம்பு கலங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பேஸைக் குறைத்து லோ மிட்டை ஏற்றுவதுதான் வழி. ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் வைத்திருப்பவர், 31 ஹெர்ட்ஸில் இருக்கும் கீழ் பி-யை இந்தப் பெட்டியிடம் சத்தமாகக் கேட்கக் கூடாது.

ரம்பிள் 100 வாங்கினால் தீருமா? வாட் கணக்கில் மட்டும் பார்த்தால் 40-க்கும் 100-க்கும் வித்தியாசம் 4 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் கொஞ்சம் கூடுதல் உடம்பு தரும், உண்மைதான். டிரம்ஸோடு வாராவாரம் வாசிப்பவர் அதற்கே போகலாம்.

மற்றவர்களுக்குப் பின்பக்கத்து எக்ஸ்எல்ஆர் துளை போதும். அதிலிருந்து ஒரு கேபிளை மிக்ஸருக்குக் கொடுத்தால் அரங்கை நிரப்பும் வேலை பெரிய ஸ்பீக்கரைச் சேரும், ரம்பிள் நம் காதுக்கு மானிட்டராகிவிடும். இணைத்ததும் 'ஹ்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பக்கத்திலேயே கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, அழுத்திப் பாருங்கள். சில இடங்களில் இரைச்சலைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளையே பிடுங்கிவிடுவார்கள். உலோக ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கொண்டு வாசிக்கிறவர் அதற்குச் சம்மதிக்கவே கூடாது.

வேறு என்ன வாங்கலாம்

வீட்டை விட்டு ஆம்ப் வெளியே போகாது என்றால் ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 நல்ல தேர்வு. 25 வாட், 8 அங்குலம், உள்ளேயே ட்யூனர். ஆம்பெக் ராக்கெட் பேஸ் ஆர்பி-108-ம் 30 வாட்டில் அதே ரகம். மொட்டைமாடி, கடற்கரை என்று பிளக் இல்லாத இடங்களில் வாசிப்பவர், பென்டார்ச் செல்லில் ஓடும் ரோலண்ட் மைக்ரோ க்யூப் பேஸ் ஆர்எக்ஸ் கிடைத்தால் பார்க்கலாம். நான்கு 4 அங்குல ஸ்பீக்கர், கூடவே தாளமும் தரும். இரவில் மட்டும்தான் வாசிப்பேன் என்பவருக்கு ஆம்ப்பே வேண்டாம். கிடாரில் நேராகச் செருகும் வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற ஒன்றும் நல்ல ஹெட்போனும் போதும்.

சாதாரண கிடார் ஆம்ப்பில் பேஸைச் செருகி ஒப்பேற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. சத்தத்தைக் கூட்டினால் அந்த ஸ்பீக்கர் கிழியக்கூடும்.

வாங்கும் முன்

அமெரிக்காவில் ரம்பிள் 40 இருநூறு டாலருக்கு மேல், முந்நூறுக்குள் விற்கிறது. இங்கே இறக்குமதி வரியும் கப்பல் கூலியும் சேர்வதால், ரம்பிள் 25-க்கும் 40-க்கும் உள்ள விலை இடைவெளி எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கலாம் என்று நினைத்தால், பின்பக்க லேபிளில் எத்தனை வோல்ட் என்று பார்த்தாக வேண்டும். அங்கே 120, இங்கே 230. 120 மட்டும் ஏற்கும் மாடலை நம் சுவரில் செருகினால் கையோடு புகைந்துவிடும்.

கடையில் உங்கள் சொந்த கிடாரையே செருகி வாசியுங்கள். எல்லாத் திருகிகளையும் நடுவில் வைத்து, ஈ ஸ்ட்ரிங்கில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறுங்கள். எங்கேயாவது பெட்டி 'கர்' என்று ஒலித்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

பிடித்தவை: எடை, இரண்டு மிட் திருகிகள், எக்ஸ்எல்ஆர் லைன் அவுட். குறைகள்: ட்யூனரும் ப்ளூடூத்தும் இல்லை, ஆவேச டிரம்மரின் முன் நிற்காது, ஐந்தாவது ஸ்ட்ரிங்கைச் சத்தமாகத் தாங்காது.

பயிற்சிக்கும் ஜாமுக்கும் ஒரே ஆம்ப்தான் வாங்க முடியும் என்பவர் 25-ஐத் தாண்டி 40-க்கு வந்துவிடுவது நல்லது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த 15 வாட்டுக்காக அல்ல, 25-இல் இல்லாத லைன் அவுட்டுக்காக. மேடை வாய்ப்பு வரும் நாளிலும் இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.